சிங்காரவேலுவுக்கு என்ன வியாதி?

வங்கியைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் ஓவென்று அழுதாள்.

அழுகை எங்கள் வங்கிக்குப் புதிதல்ல. கடன் மறுக்கப்பட்டவர்கள் உடனே அழுவார்கள். கடன் கிடைத்தவர்கள் சில மாதம் கழித்து அழுவார்கள். ஆகவே நான் நிதானமாக மூடியைத் திருகி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அழுதவள் அஞ்சலை. முதுநகரில் கருவாடு மொத்த வியாபாரம் செய்த சிங்காரவேலுவின் மனைவி. கூடவே உறவுக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர், தலையை முடியாமல் அப்படியே வந்திருந்தார்கள். அவர்கள் புடவையிலிருந்து வந்த கருவாட்டு வாசனையும், பக்கத்து அறையிலிருந்து வந்த டிங்சர் வாசனையும் காலை வேளையில் ஒன்றாகக் கலந்து வீசின.

"காரியதரிசி சார், நெசத்தச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரருக்கு லோன் இல்லேன்னுட்டாரா டாக்டரு?"

"ஆமாம்மா. போர்டு தீர்மானம். நோட்டீஸ் அனுப்பியாச்சு. ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒரு வருஷம் கழிச்சுப் புதுசா மனு போடலாம்."

"ஒரு வருஷமா? ஒரு வருஷம் தாங்குவாரா சார்?"

"யாரு?"

"அவருதான். அவுரு உசுருதான்."

உடனே மற்றப் பெண்களும் அழத் தொடங்கினார்கள். கூட்டுறவுச் சட்டம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். வங்கியின் விதிப்புத்தகமான பைலாவை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அடுத்த வரியைச் சொல்வேன். ஆனால் கடன் மறுக்கப்பட்ட அங்கத்தினரின் மனைவி அவருடைய ஆயுளைப் பற்றிக் காரியதரிசியிடம் விசாரித்தால் என்ன பதில் தரவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

நாக்கை நீட்டியவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர்

போன வாரம் துறைமுகக் கிடங்கின் பூட்டுகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் எப்போது வங்கிக்கு வருவீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். வந்துவிட்டேன். ஆனால் வங்கிக்கு வருவதற்கு டாக்டர் வழியாகத்தான் வரவேண்டும். அன்றைக்குக் கட்டட அமைப்பே அப்படி.

அறுபதுகளின் தொடக்கம். சிதம்பரத்தில் படிப்பை முடித்து, கூட்டுறவு இலாகாவில் சேர்ந்திருந்த என்னைக் கடலூர் முதுநகரில் இருந்த ஒரு சின்ன நகர வங்கிக்குக் காரியதரிசியாக அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஓட்டு வீடு ஒன்று. ஒரு பாதி மருந்துக்கடையோடு கூடிய வைத்தியசாலை. மறு பாதி வங்கி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவர் ஜுரத்துக்கு வந்தவரா ஜாமீனுக்கு வந்தவரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருவர் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வைத்தியசாலையும் வங்கித் தலைமையும் ஒருவரிடமே இருந்தன. டாக்டர் பரசுராமன். அந்தக் காலத்து எல்.எம்.பி. வைத்தியப் படிப்பு. குட்டையான, கனத்த மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பஞ்சகச்சம். காலையில் உடம்பைப் பார்ப்பார், சாயங்காலம் மனுக்களைப் பார்ப்பார்.

அவர் வங்கிக்காரர் ஆனது ஆசைப்பட்டு அல்ல. முந்தைய தலைவர் ஒரு மணிலாக்கொட்டை மண்டிக்காரர். அவர் காலமானதும் டைரக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி நிறுத்திய ஆளை மற்றக் கட்சி ஒப்புக்கொள்ளாமல் மாதக்கணக்கில் கூட்டமே நடக்கவில்லை. கடைசியில் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஊரில் ஒருவர்தான் இருந்தார். எல்லா டைரக்டர்களும் அவர் முன்னால் நாக்கை நீட்டியவர்கள். எந்தெந்த இடத்தில் யார் யாருக்குப் புண் இருந்தது என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதரை எதிர்த்து ஓட்டுப் போட யாருக்குத் துணிச்சல் வரும்? ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தலைவரான பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. கடன் கேட்டு எதிரே உட்காருகிறவரிடம், "கையை நீட்டு" என்பார். மனுவை இடது கையில் பிடித்துப் படித்துக்கொண்டே, வலது கையால் நாடியைப் பார்ப்பார். எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "சும்மாதான்பா. கை சும்மா இருக்கே" என்றார்.

சும்மா பார்த்ததுதான் வினையாயிற்று. அவர் வந்த புதிதில் அரிசி வியாபாரி ஒருவருடைய மனுவை நிராகரித்தார். காரணம் சாதாரணமானது, ஈடாகக் காட்டிய வீடு அவர் பெயரிலேயே இல்லை. நானே பத்திரத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். ஆனால் அந்த மனிதர் அடுத்த அமாவாசைக்குள் மாரடைப்பில் போய்விட்டார். பிறகு ஒரு ஜவுளிக்கடைக்காரர். அவருக்கும் லோன் இல்லை என்றானது. அவரும் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எழுபதுக்கு மேல் என்பதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு முதுநகரில் ஒரு புது சாஸ்திரம் உருவாகிவிட்டது. டாக்டர் லோன் கொடுத்தால் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்று அர்த்தம். தவணை முடியும்வரை எமன் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டான். லோன் இல்லை என்றால், டாக்டருக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் மாதாமாதம் வந்து, யார் யாருக்குக் கடன் பாஸ் ஆயிற்று என்று நயமாக விசாரிப்பார். தேவையில்லாமலே கடன் வாங்கி, வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, வட்டியோடு திருப்பிக் கட்டியவர்களை நான் அறிவேன். மனைவிமார்களின் வற்புறுத்தல். என் சர்வீஸில் எத்தனையோ வகை அங்கத்தினர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரோக்கியத்துக்காகக் கடன் வாங்கியவர்களை அங்கேதான் பார்த்தேன்.

"வேண்டாம்"

இப்போது சிங்காரவேலுவுக்கு வருகிறேன்.

அவர் மனு கொடுத்தது மீன்பிடிக்க ஓர் 'இஞ்சின் போட்டு', அதாவது இஞ்சின் படகு, வாங்க. அப்போதுதான் நம் கடற்கரைப் பக்கம் இஞ்சின் வைத்த படகுகள் வரத் தொடங்கியிருந்தன. அவரும் அவர் மச்சான் கன்னியப்பனும் சேர்ந்து ஒன்று வாங்குவதாகத் திட்டம். கன்னியப்பன் அஞ்சலையின் அண்ணன். வங்கியில் அங்கத்தினர் அல்ல. அங்கத்தினர் அல்லாதவர்கள் கடன் கேட்க முடியாது. ஆகவே மனு சிங்காரவேலு பெயரில். ஈடு சரி. பழைய பாக்கி எதுவும் இல்லை. "கடன் வழங்கலாம்" என்று நான் அலுவலகக் குறிப்பு எழுதி வைத்தேன்.

டாக்டர் அதன் ஓரத்தில் "வேண்டாம்" என்று எழுதினார். டைரக்டர்கள் வழக்கம்போல் ஆமோதித்தார்கள்.

அஞ்சலை அழுதுவிட்டுப் போன அன்று மாலை அவரிடம் கேட்டேன்.

"சார், நிராகரிச்சதுக்குக் காரணம் பதிவு செய்யணும்."

"சொல்ல முடியாதுப்பா."

"டாக்டரா சொல்ல முடியாதா, தலைவரா சொல்ல முடியாதா?"

அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தபடி யோசித்தார்.

"அதையும் சொல்ல முடியாது."

என் குழப்பத்தை நடைமுறை தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. வாடிக்கையாளரின் ரகசியத்தை வங்கித் தலைவர் வெளியிடக் கூடாது. இரண்டுக்கும் விதி உண்டு. ஆனால் எந்த ரகசியம் என்பதே ரகசியமாக இருந்தால் எந்த விதியைப் பிரயோகிப்பது? அன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரிந்தபாடில்லை.

இதற்கிடையில் சிங்காரவேலு மெலியத் தொடங்கினார்.

நானே பார்த்தேன். ஆறடி ஆள், தூண் மாதிரி இருந்தவர். சில வாரங்களுக்குள் சட்டை தோளிலிருந்து தொங்கியது. கன்னம் ஒட்டிவிட்டது. கம்பவுண்டர் தேவராஜ் என் காதருகே வந்து, "காசம்னு பேசிக்கிறாங்க சார்" என்றார். காசநோய் என்ற சொல்லை அந்தக் காலத்தில் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

நான் சிங்காரவேலுவையே வழியில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். "உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"மெலிஞ்சிருக்கீங்களே."

"மீன் போட மாட்டேங்கிறா சார். மீன் இல்ல, கருவாடு இல்ல, கறி இல்ல. பத்தியமாம். மூணு வேளையும் புழுங்கலரிசிக் கஞ்சி, தொட்டுக்க வறுத்த உப்பு. கருவாட்டு மூட்டைக்கு நடுவுல உக்காந்து கஞ்சி குடிக்கிறேன்."

"டாக்டர் பத்தியம் சொன்னாரா?"

"அவுரு சொல்லல. அவரு லோன் இல்லேன்னதுக்கு இவளா சொல்லிக்கிட்டா."

"சரி, நிராகரிச்ச காரணம் வேணும்னு நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க. அங்கத்தினர் கேட்டா நாங்க எழுத்து மூலமாச் சொல்லித்தான் ஆகணும். ஊர் வாயை அடைச்சிடலாம்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "அய்யோ, அதெல்லாம் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, மெலிந்த உடம்போடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாகப் போய்விட்டார்.

காரணம் தெரிந்தவர் சொல்லமாட்டேன் என்கிறார். தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர் கேட்கமாட்டேன் என்கிறார்.

சிதம்பரத்திலிருந்து ஓர் அமீனா

விஷயம் சிங்காரவேலுவின் உடம்போடு நின்றிருந்தால் நான் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கமாட்டேன். அவருக்கு வசந்தா என்று ஒரு பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தையலும் கற்றிருந்தாள். சிதம்பரத்தில் தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு நிச்சயமாகி, தை மாதத்தில் முகூர்த்தம்.

முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு வதந்தி போக டிக்கெட் வேண்டியதில்லை. பெண்ணின் அப்பனுக்குக் காசம் என்றால் எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்?

பையனின் தகப்பனார் தில்லைக்கோவிந்தன் ஒருநாள் ரயிலேறி வந்தார். கிள்ளைப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். படித்து, சிதம்பரம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வுபெற்றவர். நோட்டீஸ் ஒட்டுவது, ஜப்தி செய்வதுதான் வாழ்நாள் வேலை. வந்தவர் நேரே என் மேஜைக்கு வந்து, கோர்ட் பாஷையில் பேசினார்.

"சிங்காரவேலு மனுவை நிராகரிச்ச தீர்மானத்தோட சான்றிட்ட நகல் ஒண்ணு வேணும்."

"அங்கத்தினர் மட்டும்தான் கேட்கலாம்."

"சம்பந்தி கேக்கலாமா?"

"சம்பந்திக்கு விதி இல்லை."

"வருங்காலச் சம்பந்திக்கு?"

"அதுக்கும் இல்லை."

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். தன் தொழிலைத் தெரிந்த இன்னொருவனைக் கண்ட மரியாதை. பிறகு எழுந்து, பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்துகொண்டார். தன் முறை வந்ததும் டாக்டரிடம் வயிற்றில் வாயு என்று ஆரம்பித்து, மெல்ல மெல்ல வருங்காலச் சம்பந்திக்கு வந்தார். டாக்டர் அவரை மேஜையில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, "காப்பியைக் குறைங்க" என்று சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்து அனுப்பினார். வந்த காரியத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. வராத வியாதிக்கு மருந்து கிடைத்தது.

போகும்போது என்னிடம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்கே மனசு வரல. ஆனா எங்க வீட்டுல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. இந்த மாசத்துக்குள்ள ஒரு தெளிவு வரணும். இல்லேன்னா மாத்தின தட்டத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்."

தையல் மிஷின்

மறுநாள் வசந்தா வந்தாள். தனியாக. எங்கள் வங்கிக்கு ஒரு பெண் துணையில்லாமல் வருவது அபூர்வம். தேவராஜ் அவளை நோயாளி என்று நினைத்து டாக்டர் அறைப் பக்கம் கை காட்டினார்.

"நான் பேங்குக்கு வந்தேன்" என்றாள்.

என் எதிரே உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"சார், எங்கப்பாவுக்கு ஒடம்புல கோளாறா, கணக்குல கோளாறா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும்."

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"டாக்டரு?"

"சொல்ல மாட்டேங்கிறார்."

"அப்பா?"

"கேட்க மாட்டேங்கிறார்."

"நல்லா இருக்குதே!" என்றாள். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. சுவரில் தொங்கிய விதிமுறைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஜாமீன் போடறவங்க எப்படி இருக்கணும் சார்?"

"அங்கத்தினரா இருக்கணும். நாணயமா இருக்கணும். தவணைக் காலம் முழுக்கப் பொறுப்பேத்துக்கணும்."

"தவணைக்குள்ள செத்துப் போயிட்டா?"

"அதனாலதான் போர்டு பார்த்துத்தான் ஏத்துக்கும்."

"லோன் இல்லேன்னு சொன்ன ஆளு இன்னொருத்தருக்கு ஜாமீன் போடலாமா?"

 பைலாவை எடுத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன். தடை எதுவும் இல்லை. இப்படி ஒருவர் கேட்பார் என்று பைலா எழுதியவருக்குத் தோன்றவில்லை.

"போடலாம்" என்றேன்.

"அப்ப என்னை அங்கத்தினராச் சேத்துக்குங்க. தையல் மிஷினுக்கு லோன் வேணும். எங்கப்பா ஜாமீன். மூணு வருஷத் தவணை."

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டாக்டர் அவள் அப்பாவை ஜாமீனாக ஏற்றுக்கொண்டால், மூன்று வருஷத்துக்கு அவர் உயிருக்கு அதுவே ஊரறிய உத்தரவாதம். ஏற்கவில்லை என்றால் அவளுக்கும் பதில் தெரிந்துவிடும்; கல்யாணமும் நின்றுவிடும். ஒரே மனுவில் இரண்டையும் பணயம் வைத்தாள்.

"யோசிச்சியாம்மா? வேண்டாம்னு எழுதிட்டார்னா?"

"எழுதட்டும் சார். தெனமும் எங்கம்மா அவுரு தூங்கும்போது மூக்குல கை வெச்சுப் பாக்குது. அதைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு இது மேலு."

கையை நீட்டு

போர்டு கூட்டம் நடந்த சாயங்காலம் கட்டடத்தில் நிற்க இடமில்லை. நோயாளிகள் போகவில்லை, நோய் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து அமீனா வந்து பெஞ்சின் ஓரத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பார்வையாளர்களை அனுமதிக்க விதி இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நான் வாயுக்கு வந்திருக்கேன்" என்றார்.

விதிப்படி ஜாமீன்தாரரை நேரில் அழைத்தேன். சிங்காரவேலு வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. பின்னால் அஞ்சலை. அவளுக்குப் பக்கத்தில் மச்சான் கன்னியப்பன், மீசையை முறுக்கிக்கொண்டு.

டாக்டர் வசந்தாவின் மனுவை இடது கையில் எடுத்தார். "கையை நீட்டு" என்றார்.

சிங்காரவேலு கையை நீட்டினார். டாக்டர் பிடித்தார். பிடித்தபடியே மனுவை முதல் வரியிலிருந்து படித்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. தேவராஜ் மருந்து குலுக்குவதை நிறுத்திவிட்டார். வசந்தா டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய விரல்களையே பார்த்தாள்.

"ஜாமீன் சரி" என்றார் டாக்டர். "பாஸ்."

அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமீனா குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது கன்னியப்பன் முன்னால் வந்தார்.

"டாக்டரய்யா, ஒரு நியாயம் கேக்கறேன். ஜாமீனுக்கு ஆவுற ஆளு லோனுக்கு ஆவ மாட்டாரா? போட்டு லோனையும் பாஸ் பண்ணுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி நூற்றுக்கு நூறு சரி. தணிக்கையில் என்னிடம் கேட்கப் போகும் கேள்வியும் அதுதான். டைரக்டர்கள் டாக்டரைப் பார்த்தார்கள். சிங்காரவேலு கூரையைப் பார்த்தார்.

டாக்டர் அவசரப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தையல் மிஷினுக்கு வேண்டிய தெம்பு இவருக்கு இருக்குது. இஞ்சின் போட்டுக்கு இன்னும் ஜாஸ்தி தெம்பு வேணும். நீங்க நல்லாத் தெடமா இருக்கீங்களே கன்னியப்பன்? அங்கத்தினராச் சேந்து நீங்களே மனு போடுங்க. இப்பவே பாத்துடலாம். கையை நீட்டுங்க."

கன்னியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன மச்சான், நீட்டேன்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"எனக்கென்னாத்துக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப நீட்டு!"

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று சொல்லி, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் அஞ்சலையிடம் சொன்னார்: "ஜாமீன் நிக்கிற ஆளுக்குக் கஞ்சி பத்தாது. மீன் போடும்மா."

சத்திரத்தில் கேட்டது

தை மாதத்தில் சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம் நடந்தது. டாக்டரும் நானும் போயிருந்தோம். வசந்தா மணையில் உட்கார்ந்திருந்தபோதும் அவள் கண் அப்பாவின் மேல்தான் இருந்தது. அவர் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் சிங்காரவேலு என்னை ஓரமாக இழுத்தார்.

"ஒங்க கிட்டச் சொல்லலாம் சார். அந்த லோன் வேணாம்னு டாக்டரு கிட்டச் சொன்னதே நாந்தான்."

"எந்த லோன்?"

"என் லோனுதான்."

கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"மச்சான் இஞ்சின் போட்டு, இஞ்சின் போட்டுன்னு கழுத்துல ஏறி உக்காந்துட்டாரு. சரீன்னா போட்டு அவருது, கடன் எனுது. இல்லேன்னா, பொண்டாட்டியோட அண்ணனுக்கு மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு சொல்ல முடியுமா? அப்புறம் அவ கையால சோறு திங்கணுமே. அதான் மனுவக் குடுத்துட்டு, முதுகு வலின்னு டாக்டரு கிட்டப் போயி, நீங்களே இல்லேன்னுடுங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

"வீட்டிலயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அன்னைக்கே அண்ணங்காரன் காதுக்குப் போயிருக்கும். சாவப் போறவன்னு ஊரு நெனச்சா நெனச்சிட்டுப் போவட்டும், மச்சான் போட்டுப் பேச்ச உட்டாரேன்னு இருந்தேன். ஆனா கல்யாணம் நிக்கப் போவுதுன்னதும் ஆடிப் போயிட்டேன் சார். எல்லாத்தையும் ஒடச்சிடறேன்னு டாக்டரு கிட்டப் போனேன். 'நீ சும்மா இரு, ஒம் பொண்ணு மனு போட்டிருக்கா'ன்னாரு."

மாதக்கணக்கான குழப்பம் தீர்ந்த மகிழ்ச்சியில் நான் இன்னொரு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். தன் மனுவைத் தானே நிராகரிக்கச் சொல்லிக் கேட்ட அங்கத்தினர்! கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒருவர் இருந்திருக்கமாட்டார்.

திரும்பும் ரயிலில்

பாசஞ்சர் ரயிலில் கரித்தூள் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் துண்டால் முகத்தை மூடியிருந்தார். கிள்ளை தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. சிங்காரவேலு சொன்னதை அப்படியே சொன்னேன்.

ரயில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தது. பிறகு துண்டை எடுத்தார்.

"அப்படியா சொன்னான்?"

"ஆமா சார்."

"முதுகு வலின்னு வந்தான். மருந்து குடுத்தேன். வேற ஒண்ணும் எங்கிட்டக் கேக்கலியே."

"அப்ப எதுக்கு சார் வேண்டாம்னு எழுதினீங்க?"

"அதைத்தான் சொல்ல முடியாதுன்னேனே."

"அவர் பொய் சொல்றாரா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப உண்மையா?"

"அப்படியும் சொல்லலியேப்பா" என்றார். "கல்யாணம் நடந்துச்சு. சாப்பாடு நல்லா இருந்துச்சு. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்க?"

பரங்கிப்பேட்டையில் இறங்கி டீ குடித்தோம். நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டுக்கொண்டவரின் ரகசியத்தை, அவரே வெளியிட்ட பிறகும் டாக்டர் காப்பாற்றுகிறாரா? அல்லது டாக்டர் கையில் உண்மையாகவே ஏதோ தட்டுப்பட்டு, அதைத் தெரிந்துகொண்ட சிங்காரவேலு, மகள் கல்யாணத்தன்று என்னிடம் ஒரு வேடிக்கைக் கதை கட்டிவிட்டாரா? இரண்டும் நடக்கக்கூடியவை. இரண்டுக்கும் ஒரே சாட்சிகள்தான். அவர்களில் ஒருவர் நிறையப் பேசினார். மற்றவர் பேசவே இல்லை. நான் யாரை நம்புவது?

தணிக்கை வந்தது. எதிர்பார்த்த கேள்வியே வந்தது: கடனுக்குத் தகுதியில்லாதவர் ஜாமீனுக்கு எப்படித் தகுதியானார்? விளக்கம் எழுத உட்கார்ந்து, எதையும் எழுத முடியாமல், "தலைவரின் முடிவு" என்று மட்டும் எழுதினேன். தணிக்கை அதிகாரி அதைப் படித்தார். "தலைவர் டாக்டர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். ஆட்சேபணையை அடித்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் இருமிக் காட்டினார்.

வசந்தா சிதம்பரத்தில் தைத்துத் தைத்தே தவணை தவறாமல் கட்டினாள். கடைசித் தவணைக்குக் குழந்தையோடு வந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்காரவேலு வந்தார், பழையபடி தூண் மாதிரி. ரசீதை வாங்கிக்கொண்டதும் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சார், கருவாட்டுக்குக் கெடங்கு ஒண்ணு கட்டலாம்னு. லோன் வேணும். இந்தத் தடவ வசந்தா எனக்கு ஜாமீன்."

டாக்டர் வந்தார். இடது கையில் மனு. வலது கையில் சிங்காரவேலுவின் மணிக்கட்டு. நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு கண்சிமிட்டல், ஓர் அரைச் சிரிப்பு, ஏதாவது ஒன்று தெரிந்தால் என் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. வசந்தா மட்டும், போர்டு கூட்டத்தன்று பார்த்தது போலவே, டாக்டரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்" என்றார் டாக்டர்.

அவள் மூச்சை விட்டாள்.

சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கடைத்தெரு முழுவதும் அதே பேச்சு: சிங்காரவேலுவுக்கு உடம்பு பூரணமாகக் குணமாகிவிட்டதாம்.